நூற்று எழுபத்தெட்டு என்றார் பாய்

அன்றைக்குக் காக்களூர் ஷெட்டுக்குள் இருந்தது ஐந்து பேர். நான், என் மனைவி, என் லாரிக்கு எஞ்சின் வேலை செய்த பாய், எஞ்சின் பலத்தை அளக்கிற மெஷினை ஓட்டுகிறவர், ஆரஞ்சு நிற ஜீப்போடு சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர். அவ்வளவுதான். வாசலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார், ஆனால் அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. இதை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம் இருக்கிறது. "பத்து பேரு நடுவுல என் மானத்த வாங்கிட்டான்" என்று பாய் கவரைப்பேட்டை டீக்கடையில் சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். பத்துப் பேர் இல்லை. நானும் பாயும் போக மூன்று பேர். அந்த மூவரில் ஒருத்தி என் மனைவி, அவள் அன்று முழுக்கப் பாய் பக்கம்தான் பேசினாள்.

என்னிடம் இருப்பது ஒரே லாரி. ஆறு சக்கரம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஏற்றிக் காட்டுப்பள்ளித் துறைமுகம் பக்கம் இறக்குவது என் பிழைப்பு. ஓட்டுவதும் நான்தான். டிரைவர் வைத்தால் டீசல் போகும், டயர் மாறும், ஸ்டெப்னி காணாமல் போகும் என்று எனக்குத் தோன்றும். போன வருஷம் எஞ்சின் நீலப் புகை விட ஆரம்பித்தது. ஆயில் ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். ஒருநாள் லோடோடு நின்றே போனது. கவரைப்பேட்டையில் பாய் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

பாய் பழவேற்காட்டுக்காரர். அவர் குடும்பத்தில் மற்றவர்கள் எல்லாம் வியாபாரம். இவர் ஒருவர்தான் கிரீஸில் கை வைத்தவர். பிஸ்டன், லைனர், பம்பு, டர்போ எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் என்றார். எங்கள் பக்கம் எஞ்சின் வேலைக்குப் பணத்தை மூன்று பங்காகத்தான் கொடுப்போம். பிரிக்கும்போது ஒரு பங்கு. பூட்டும்போது ஒரு பங்கு. மூன்றாவது பங்கு பாலக் காசு.

வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. எஞ்சினைப் பூட்டி, சில நாள் காலியாக ஓட்டிய பிறகு, முழு லோடு ஏற்றி ரயில்வே மேம்பாலம் ஏற வேண்டும். மூன்றாவது கியரில் ஏறத் தொடங்கினால், உச்சி போகும்வரை கியரைக் குறைக்கக் கூடாது. மெக்கானிக் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். ஒரு கையை டேஷ்போர்டில் வைத்துக்கொள்வார், இன்னொரு கை கியர் ராடு ஓரமாக இருக்கும். உச்சியில் எஞ்சின் எத்தனை எச்.பி., அதாவது எத்தனை குதிரை பலம் என்று ஒரு எண்ணைச் சொல்வார். பாலம் இறங்கியதும் அந்தப் பக்கத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தி, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஓனர் மூன்றாவது பங்கை எண்ணித் தருவார். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் இதற்கு முன் இரண்டு முறை கேட்காமல் கொடுத்திருக்கிறேன்.

இந்த முறை பாய் உச்சியில் சொன்னது, "நூத்தி எழுவத்தெட்டு."

அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. கம்பெனி புத்தகத்தில் அந்த எஞ்சினுக்குப் போட்டிருப்பது நூற்று எண்பது. நூற்று எழுபது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நூற்று எண்பது என்று சொல்லியிருந்தால் புகழ்ச்சிக்குச் சொல்கிறார் என்று விட்டிருப்பேன். எழுபத்தெட்டு என்றால்? செருப்புக் கடையில் விலை ஒட்டுவார்களே, அந்த மாதிரி இருந்தது. யோசித்து வைத்துக்கொண்டு வந்த எண்.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அன்று எனக்குப் போட்ட லோடு வழக்கத்தைவிட அரை டன் குறைவு. கம்பி மில்லில் லோடு ஏற்றுகிற மேஸ்திரியும் பாயும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். முந்தின நாள் பாய் டீசல் பம்பை மறுபடியும் திறந்து மூடினார். எதற்கு என்று கேட்டதற்கு "சும்மா" என்றார். பாலத்தன்றைக்கு மட்டும் டீசலைக் கூட்டிவிட்டு, காசு வாங்கிய பிறகு குறைத்துவைக்கிற மெக்கானிக்குகள் இருப்பதாகக் கேட்டிருக்கிறேன். பாய் அப்படிச் செய்து யாரும் சொன்னதில்லை. ஆனால் சொல்லாதது எல்லாம் நடக்காதது ஆகிவிடுமா?

டீக்கடையில் இறங்கினோம்.

"இன்னா நைனா, டீ ஆறிப்போவுது. டப்பு எங்க?" என்றார் பாய்.

"பாய், ஒரு தபா மெஷின்ல வெச்சிப் பாத்துடலாமே."

"எந்த மெஷினு?"

"காக்களூர்ல ஒண்ணு வந்துகீதாம். பின்சக்கரத்த உருளைமேல ஏத்தி ஓட்டுனா எத்தினி எச்.பி.ன்னு எழுதியே குடுத்துடுதாம்."

"அப்ப என் கையி?"

"கையி பொய் சொல்லாது பாய். வாயிதான்..."

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது. பாய் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். கடைக்காரர் அடுப்பைத் துடைக்கிறாற்போலத் திரும்பிக்கொண்டார்.

"செரி," என்றார் பாய். "மெஷினு நூத்தி அறுவதுக்குக் கீழ காட்னா பாலக் காசு எனக்கு வாணாம், உட்டுட்றேன். மேல காட்னா அங்கியே நின்னு எண்ணி வெக்கணும். மெஷினு செலவு தோத்தவனுது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். எழுபத்தெட்டு என்று அடித்துச் சொன்ன மனுஷன் பந்தயத்துக்கு ஏன் அறுபதுக்கு இறங்கினார்? தன் சொல்லில் நம்பிக்கை உள்ளவன் எழுபத்தைந்து என்றல்லவா சொல்லியிருப்பான்?

மூன்றாவது பங்கு ஐம்பத்தைந்தாயிரம். அதற்காக என் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. அதனால் நடந்ததை அவளிடம் மறைக்க முடியவில்லை. அவள் காக்களூர் எஸ்டேட்டில்தான் ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்க்கிறாள். போல்ட்டுகளை ஒரு வளையத்துக்குள் விட்டுப் பார்த்து, போனால் நல்லது, போகாவிட்டால் கழிவு என்று பிரிக்கிற வேலை.

"பாய் மூணு தபா உனக்கு வேல செஞ்சிகீறாரு," என்றாள். "எப்பனா ஏமாத்திகீறாரா?"

"இதுவரைக்கும் தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியல. அவ்ளோதான்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அரை நாள் லீவு போட்டு அவளே வருவதாகவும், பணம் அவள் பையில்தான் இருக்கும் என்றும் சொன்னாள். என்னிடம் கொடுத்தால் பாய்க்குப் போய்ச் சேராது என்று நினைத்தாளோ என்னவோ.

நாங்கள் போன நாள் அமாவாசை. திருவள்ளூருக்குள் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் லாரியை விட மாட்டார்கள் என்று சுற்றிக்கொண்டு காக்களூர் போய்ச் சேர்ந்தேன். மனைவி அவள் யூனிட்டிலிருந்து நடந்தே வந்துவிட்டாள். பாய் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. இத்தனை வருஷத்தில் அவரைத் தேய்த்த சட்டையில் நான் பார்த்ததில்லை. எதற்கு இவ்வளவு தயாராக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மெஷின்காரர் வரவில்லை. திருவள்ளூர்க்காரர், அமாவாசைக்கு வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுச் சாப்பிட்டுத்தான் வருவார் என்றார் வாட்ச்மேன். ஒருவழியாக அவர் ஸ்கூட்டரில் வந்தார். நெற்றியில் திருமண், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, பேச்சு மெதுவாக.

எங்களுக்கு முன் ஜீப். ஆரஞ்சு பெயிண்டு, பெரிய டயர், பானெட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வரும் ஒரு குழாய். பழைய ஜீப்புக்குள் ஏதோ காரின் எஞ்சினை வைத்து, டர்போ மாட்டி வைத்திருந்தார் அந்தச் சென்னைக்காரர். உருளைமேல் ஏற்றி, நான்கு பக்கமும் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டி, ஓட்டினார்கள். சத்தத்தில் தகர ஷீட்டு அதிர்ந்தது. என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். நின்ற பிறகு திரையில் வந்தது தொண்ணூற்றிரண்டு.

"தொண்ணூத்திரெண்டா?" சென்னைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "பிரதர், குரூப்ல நூத்தி முப்பதுன்னு போட்டுட்டேன்."

"இது சக்கரத்துல வந்து சேர்ற பலம் சார்," என்றார் மெஷின்காரர். "எஞ்சின்ல உண்டாவுறது இதவிட ஜாஸ்தி. கியர்பாக்ஸ், பின்னாடி பல்சக்கரம், டயர், எல்லாம் வழியில கொஞ்சம் தின்னுடும். எஞ்சின்ல நூறு உண்டானா வழியில பதினஞ்சு போவுதுன்னு போட்டா எஞ்சின் கணக்கு வந்துடும்."

தட்டினார். நூற்று எட்டு.

"இன்னும் கொஞ்சம் போடுங்க பிரதர்."

"இருவது?"

"முப்பது போடுங்க. பெரிய டயரு பாருங்க, நெறைய திங்கும்."

மெஷின்காரர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு முப்பது என்று தட்டினார். நூற்று முப்பத்தொன்று வந்தது. அதைக் காகிதத்தில் எடுத்துக் கொடுத்தார். சென்னைக்காரர் ஜீப்புக்கு முன்னால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். அந்த ஃபோட்டோவை என் மனைவியைத்தான் எடுக்கச் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன் தொண்ணூற்றிரண்டாக இருந்தது நூற்று முப்பத்தொன்றாகக் கண்ணெதிரே வளர்ந்துவிட்டது. ஜீப்புக்கு ஒரு போல்ட்டுகூட முடுக்கவில்லை.

அப்போது பாயைத் தேடினேன். அவர் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்று மெஷின்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கிட்டே போனேன். பேச்சு நின்றது.

"இன்னா பாய் பேசிக்கினு இருந்தீங்க?"

"அமாவாசைக்கு வடை போட்டாங்களான்னு கேட்டேன். ஏன், அத்தயும் மெஷின்ல வெக்கணுமா?"

மெஷின்காரர் சிரித்தார். நான் சிரிப்பவரைப் பார்த்தேன். முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு சுலபமாகச் சேர்ந்து சிரிப்பார்களா?

லாரியை நானே ஏற்றினேன். யாரையும் தொடவிடவில்லை. பின்சக்கரங்கள் உருளைகளுக்கு நடுவே இறங்கியபோது வண்டியே பள்ளத்தில் விழுந்தாற்போல ஒரு குலுக்குக் குலுக்கியது. சேசிஸில் சங்கிலி போட்டார்கள். ஒவ்வொரு சங்கிலியையும் இறங்கி இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினேன். சங்கிலி அறுந்தால் லாரி நேரே எதிர்ச் சுவரில் போய்த்தான் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு கம்பெனி. ஆட்கள் வேலை பார்க்கிற சத்தம் கேட்டது.

மெஷின்காரர் கையை உயர்த்தினார். மிதித்தேன். ஓடாமல் ஓடுகிற லாரியில் உட்கார்ந்திருப்பது ஒரு கெட்ட கனவு மாதிரி. ஸ்பீடோமீட்டர் ஏறுகிறது, கண்ணாடிக்கு வெளியே அதே சுவர், அதே காலண்டர். அவர் கையை இறக்கியதும் காலை எடுத்தேன்.

திரையில் நூற்று இருபத்தெட்டு.

எனக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஐம்பத்தைந்தாயிரம் மிச்சம், சங்கிலியை மீட்டுவிடலாம். அடுத்த கணமே பயம். நூற்று இருபத்தெட்டு என்றால் நான் கொடுத்த ஒரு லட்சத்துப் பத்தாயிரம் எங்கே போனது? என் எஞ்சினுக்குள் இருப்பது என்ன?

"சக்கரத்துல நூத்தி இருவத்தெட்டு," என்றார் மெஷின்காரர். "இந்த மாதிரி லாரிக்கு நாங்க சாதாரணமா நூத்துக்கு இருவது போடுவோம்." தட்டினார்.

நூற்று அறுபது.

கீழே காட்டினால் காசு வேண்டாம், மேலே காட்டினால் கொடுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பேச்சு. சரியாக நூற்று அறுபதே வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேருமே யோசித்திருக்கவில்லை.

"இருவதெல்லாம் ஜாஸ்தி," என்றேன். "ஜீப்புக்கு மொதல்ல பதினஞ்சுதானே போட்டீங்க?"

"அது ஜீப்பு நைனா, இது லாரி," என்றார் பாய். "இவ்ளோ பெரிய கியர்பாக்ஸு, ரெண்டு பக்கமும் டபுள் டயரு. இருவத்தஞ்சு போடுங்க சார்."

"பதினஞ்சு."

"இருவத்தஞ்சு. காய்கறியா வாங்கறே?"

நான் ஏழாவதோடு பள்ளியை விட்டவன். நூற்றுக்கு இத்தனை என்கிற கணக்கு எனக்கு இன்றும் தடுமாறும். மனைவி ஃபோனில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: பதினைந்து போட்டால் நூற்று ஐம்பது, பாய்க்குக் காசு கிடையாது. இருபத்தைந்து போட்டால் நூற்று எழுபது, கொடுக்க வேண்டும். பிறகு அவள் மெஷின்காரர் பக்கம் திரும்பினாள்.

"சார், இந்த நூத்துக்கு இருவதுன்றீங்களே, அது மெஷினு அளக்கறதா, நீங்க போடறதா?"

"நாங்க போடறதுதாம்மா. ஒரு பழக்கத்துல."

"அப்ப இதுவும் பாய் பாலத்துமேல சொல்றா மாதிரிதானே? அவுரு ஃபேனுக்குக் கீழ குந்திக்கினு சொல்லல, அவ்ளோதானே?"

பாய் வாய்விட்டுச் சிரித்தார். "தங்கச்சி, நீ வந்து என் ஷெட்ட பாத்துக்கோ."

மெஷின்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அளக்கவும் முடியும்மா," என்றார். "வேகமா ஓட்டிட்டு, கிளட்ச்ச அமுக்கிக்கினு சும்மா உட்டுடணும். சக்கரம் தானா எவ்ளோ சீக்கிரம் வேகம் கொறையுதுன்னு மெஷின் பாக்கும். சீக்கிரம் நின்னா வழியில ஜாஸ்தி தின்னுதுன்னு அர்த்தம். எத்தினி எச்.பி. தின்னுதுன்னு அதுவே சொல்லும். ஊகமே கிடையாது. ஆனா அதுக்குத் தனியா இன்னொரு மூவாயிரத்து ஐந்நூறு ஆவும்."

இதைச் சாதாரணமாக யாரும் கேட்பதில்லையாம். ஜீப்புக்காரர்களுக்கு ஊகம்தான் வசதி.

தோற்றவன் செலவுதானே என்று பாய் சொன்னார். சரி என்றேன். மறுபடி ஏறினேன், மறுபடி மிதித்தேன். கை காட்டியதும் கிளட்ச்சை அமுக்கினேன். சக்கரம் உருண்டு உருண்டு நிற்கும் என்று பார்த்தால், யாரோ பிடித்து இழுத்தாற்போல் பொசுக்கென்று அடங்கியது.

"என்னண்ணா, பிரேக்க மிதிச்சீங்களா?" மெஷின்காரர் கத்தினார்.

"இல்ல சார், சத்தியமா இல்ல!"

"நாப்பத்தொண்ணு எச்.பி. வழியிலயே போவுது. ரொம்ப ஜாஸ்தியாச்சே."

நான் இறங்குவதற்குள் பாய் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். தேய்த்த சட்டையோடு. பிரேக் டிரம்மிடம் கையைக் கொண்டுபோனவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுது. எங்க இருந்து கருகுதுன்னு மோந்து பாரு. நைனா, பிரேக்க யாரு டைட் பண்ணது?"

நான்தான். தினம் காலையில் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பேனர் போட்டு, பிரேக் அட்ஜஸ்டரை ஒரு சின்னத் திருப்பு திருப்பிவிட்டுத்தான் கிளம்புவேன். ஒருநாள் அந்த மேம்பாலத்தில் எனக்கு முன்னால் போன லாரி பின்னுக்கு உருண்டு வந்தது. என் பம்பருக்கு ஒரு முழம் இருக்கும்போது எப்படியோ நின்றது. அதிலிருந்து இந்தப் பழக்கம். கொஞ்சம்தான் திருப்புவேன். ஆனால் தினமும் கொஞ்சம்.

"தெனமுமா?" என்றார் பாய். "யோவ், பிரேக்க புடிச்சிக்கினே வண்டிய ஓட்டிக்கினு கீறே. இன்னும் பத்து நாள்ல டிரம்மு வெடிச்சிருக்கும்."

பிரேக் பிடிக்காமல் போய்விடும் என்று பயந்து செய்தது, பிரேக்கையே எரித்துக்கொண்டிருந்திருக்கிறது. மனைவி டிரம்மையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆனால் அந்த நிலையிலும் எனக்கு ஒன்று உறுத்தியது. இவர் எப்படி நேரே டிரம்முக்குப் போனார்? முன்பே தெரிந்திருந்தால் பாலத்தன்றைக்கே ஏன் சொல்லவில்லை? கேட்டேவிட்டேன்.

"பாலத்துல சொன்னேனே. 'வண்டி கொஞ்சம் இஸ்துக்கினு கீது, எஞ்சினு இல்ல'ன்னு. நீதான் நூத்தி எழுவத்தெட்டக் கேட்டதும் மூஞ்சத் திருப்பிக்கினே."

சொன்னாரா? எனக்கு ஞாபகம் இல்லை. இல்லையென்று சாதிக்கவும் முடியவில்லை. அந்த எண்ணைக் கேட்ட பிறகு பாலம் இறங்கும்வரை நான் வேறு எதையும் கேட்கவில்லை என்பது உண்மை.

பாய் அடியில் படுத்து, இரண்டு பக்கமும் அட்ஜஸ்டரைத் தளர்த்தினார். சக்கரம் சுதந்திரமாகச் சுற்றுகிறதா என்று பார்த்தார். மறுபடி மிதித்தால் பிரேக் பிடிக்கிறதா என்று நான் மூன்று முறை பார்த்தேன். பிடித்தது. மூன்றாவது ஓட்டம். இந்த முறை சக்கரத்தில் நூற்று நாற்பத்து மூன்று. கிளட்ச்சை அமுக்கிவிட்டபோது உருளை நிதானமாகச் சுற்றிச் சுற்றி நின்றது. வழியில் போனது இருபத்தாறு.

மனைவி விரல்விட்டுக் கூட்டினாள். "மொதல்ல நூத்தி இருவத்தெட்டும் நாப்பத்தொண்ணும் நூத்தி அறுவத்தொம்போது. இப்ப நூத்தி நாப்பத்தி மூணும் இருவத்தாறும் நூத்தி அறுவத்தொம்போது." இரண்டு முறையும் ஒரே எண். அவளுடைய வளையத்துக்குள் போல்ட் போய்விட்டது. "எஞ்சினு மாறல. கட்டு டப்ப," என்றாள் என்னைப் பார்த்து.

"நூத்தி அறுவத்தொம்போதுதானே," என்றேன். "பாய் சொன்னது எழுவத்தெட்டு. மீதி ஒம்போது எங்க?"

நிஜமாகவே கேட்டேன். என் மனதில் ஒரு கணக்கும் ஓடியது: ஐம்பத்தைந்தாயிரத்தில் ஒன்பது குதிரைக்கு எவ்வளவு கழிக்கலாம் என்று.

"ஒம்போதா?" என்றார் பாய். "அத்த நீ துன்னுட்டே. நாஷ்டாவுக்கு."

சென்னைக்காரர் இன்னும் போகவில்லை, ஜீப்பில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார். நூற்றுக்கு முப்பது போட்டுக்கொண்டவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்!

"இன்னாயா நீ," என்றாள் மனைவி, தணிந்த குரலில். "நூத்தி அறுவதுக்கு மேலயா இல்லியா?"

மேலேதான்.

அவள் பையைத் திறந்தாள். கொண்டுவந்திருந்தது சரியாக ஐம்பத்தைந்தாயிரம், ஒரு ரூபாய் அதிகம் இல்லை. மெஷின்காரருக்கு மூன்று ஓட்டத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு வீதம் பத்தாயிரத்து ஐந்நூறு. தோற்றவன் நான். ஒரு ஓட்டத்துக்குப் பேசியதை மூன்று ஆக்கிவிட்டார்கள், பாதியைப் பாய் தரட்டும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"பாலம் ஏறுறதுக்கு ஒரு பைசா ஆகல," என்றார் பாய். "இது உன் சந்தேகத்துக்கு ஆன செலவு. அதுல எனக்கு எதுக்குப் பங்கு?"

மெஷின்காரருக்குக் கொடுத்தது போக மீதி நாற்பத்து நாலாயிரத்து ஐந்நூறை அவள் பாயிடம் நீட்டினாள். பாய் வாங்கி, எண்ணாமல் சட்டைப் பைக்குள் வைத்தார். எண்ணாமல்! "எண்ணிக்கோங்க பாய்" என்றேன். எண்ணவில்லை. பின்னால் ஒருநாள் குறைந்தது என்று சொன்னால் நான் என்ன செய்வது என்று அங்கேயே கவலை வந்தது. அவர் சொல்லவில்லை, இதுவரை சொல்லவில்லை.

"மிச்சத்த அடுத்த வாரம் ஷெட்டுல வந்து குடுத்துட்றோம் பாய்," என்றாள் மனைவி.

"ஷெட்டுல வாணாம் தங்கச்சி. மிச்சம் பாலக் காசு. அத்த பாலத்துலதான் வாங்குவேன்." பிறகு என்னைப் பார்த்தார். அப்போது அவர் சிரிக்கவில்லை. "லோடு ஏத்திக்கினு வா. நான் பக்கத்துல குந்திக்கினு வருவேன். கம்முனு வருவேன். உச்சில எத்தினி எச்.பி.ன்னு நீ சொல்லணும். உன் வாயால. நீ இன்னா சொல்றியோ அத்த நான் ஒத்துக்கறேன்."

சொல்லிவிட்டு, ஸ்டாண்டில் போட்டிருந்த பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெள்ளைச் சட்டையின் முதுகில் டயர் கறை அப்பியிருந்தது.

மாதங்கள் ஓடிவிட்டன. பிரேக்கை இப்போது வாரம் ஒருமுறை பார்க்கிறேன், சக்கரத்தை மனைவி சுற்றிக் காட்டிய பிறகுதான் ஸ்பேனரை உள்ளே வைக்கிறேன். டீசல் முன்பைவிட நன்றாகக் கொடுக்கிறது. பங்க்கில் மீட்டரை மாற்றியிருப்பார்களோ என்று முதலில் நினைத்தேன். மூன்று பங்க்கில் மாற்றி மாற்றிப் போட்டும் அப்படியேதான் வந்தது. அதனால் அதை விட்டுவிட்டேன்.

அந்தப் பாலத்தைத் தினமும் லோடோடு ஏறுகிறேன். மூன்றாவது கியர், இறங்குவதில்லை. உச்சி நெருங்கும்போது இடது கையை எடுத்து டேஷ்போர்டில் வைத்துப் பார்ப்பேன். அதிர்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது. ஒருநாள் நூற்று எழுபது போலத் தோன்றும். மழை நாளில் நூற்று ஐம்பது போலத் தோன்றும். மெஷின் கொடுத்த காகிதத்தில் இருக்கிற நூற்று அறுபத்தொன்பதைச் சொன்னால் காகிதத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். எழுபத்தெட்டு என்று சொன்னால் அன்றைக்கு நான் பேசியது எல்லாம் என்ன ஆவது? குறைத்துச் சொன்னால் பத்தாயிரத்துக்காகச் சொன்னேன் என்று நினைப்பார். நினைக்க மாட்டார் என்று மனைவி சொல்கிறாள். மீதிக்காக அவள் சேர்த்து மடித்துவைத்த பணம் பீரோவில் அப்படியே இருக்கிறது.

கவரைப்பேட்டையில் பாய் ஷெட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஹாரன் அடித்தால் கையைத் தூக்குவார். ஒருநாள்கூட மீதியைக் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இப்போது பெரிய பேஜாராக இருக்கிறது. பாய்க்கு நான் இன்னும் தர வேண்டியது பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்.